பொட்டொக்ஸ் ஊசிக்குப் பிறகு இடது கண்மடல் தொங்குகிறது. கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்

காலிவீதிக்காரி
மே 9, இரவு 9.40

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். வயது 41. தனியார் வங்கியொன்றின் கிளையில், கருமபீடத்தில் நாள் முழுவதும் வாடிக்கையாளர்களுக்கு முகம் கொடுக்கும் வேலை. இந்த மாதம் 20ஆம் திகதி என் தம்பிக்குக் கலியாணம். அவனுக்கு நான் ஒரே சகோதரி என்பதால், தோழியாக மணவறையில் விளக்குப் பிடித்து நிற்க வேண்டியவள் நான்தான்.

புருவங்களுக்கு நடுவில் இருந்த இரண்டு கோடுகள் என்னைச் சிடுமூஞ்சியாகக் காட்டுகின்றன என்ற குறை பல வருடங்களாக மனதில் இருந்தது. ஏப்ரல் 30ஆம் திகதி ஒரு கிளினிக்கில் அந்த இடத்திலும் நெற்றியிலும் பொட்டொக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். முதல் ஐந்து நாளும் ஒரு பிரச்சினையும் இல்லை. கோடுகள் மெல்ல மறைந்தன, எனக்கும் சந்தோஷம்தான். ஆறாம் நாள் காலை பல் தீட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது, இடது கண்மடல் கண்மணியின் மேல் விளிம்பைத் தொடுமளவுக்கு இறங்கியிருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. வங்கியில் ஒரு வயோதிபர், "பிள்ளைக்கு இரவு நித்திரை இல்லைப் போல" என்று பரிவோடு கேட்டார். நான் ஓய்வறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தால், சிலருக்கு அப்படி வரும், நன்றாகத் தேய்த்துவிடுங்கள், வேண்டுமானால் மற்றப் பக்கத்துக்கும் கொஞ்சம் போட்டுச் சமன்செய்யலாம் என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொல்கிறார். ஊசி போட்டவருடன் கதைக்க முடியவில்லை. அம்மாவுக்கு ஊசி போட்ட கதையே தெரியாது. கண்நோய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர் நந்தியாவட்டைப் பூத் தேடித் திரிகிறார். இதை மாற்ற வழி இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும்?

நெறியாளர்
மே 9, இரவு 10.05

பதில் எழுதுவோர் கிளினிக்குகளின் பெயரையோ வைத்தியர்களின் பெயரையோ குறிப்பிட வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் இட்ட விளம்பரப் படத்தை நீக்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கண் வைத்தியர்
மே 9, இரவு 11.20

பிள்ளை, முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். ஊசி போட்ட முதல் சில மணி நேரத்தில் தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைகளுக்குப் பரவும் என்பதால்தான் தொடாதே என்று சொல்வார்கள். பத்து நாள் கழித்துத் தேய்ப்பதால் அது வெளியே வந்துவிடப் போவதுமில்லை. மருந்து ஏற்கெனவே நரம்பு முனைக்குள் போய்விட்டது. அங்கே அசற்றைல்கோலின் என்ற சமிக்ஞைப் பொருள் தசைக்குப் போய்ச் சேராதபடி தடுத்துவிட்டது. அந்தத் தடையை உடைக்கும் மாற்று மருந்து இன்றுவரை இல்லை. நரம்பு தானாகத் தன் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு முழுத் தீர்வு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு நாளில் மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் நீங்கள் பணத்தைக் கொடுத்துவிடக்கூடாது.

ஆனால் காத்திருக்குமுன் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிய வேண்டும். கண்மடல் இறங்குவதற்கு ஊசி அல்லாத காரணங்களும் உண்டு. ஊசி போட்டிருக்கிறோம் என்பதாலேயே எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட்டு ஆபத்தான ஒன்றைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இன்றிரவே கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள். இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா? பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா? கடும் தலையிடியோ, ஒரு பக்கக் கையில் பலவீனமோ, நாக்குழறலோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். விழுங்கச் சிரமம், குரல் அடைப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை மருந்து தூரத்துக்குப் பரவியதன் அறிகுறியாக இருக்கலாம். மணித்தியாலங்களிலும் வரலாம், சில கிழமைகள் கழித்தும் வரலாம். 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை இந்த வகை மருந்துகள் அனைத்தின் தகவல் தாளிலும் கட்டம் போட்டு எச்சரிக்கையாக அச்சிட வைத்தது.

அவை ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது விரல் சோதனை. இடது புருவத்தை விரலால் மெல்ல மேலே தூக்கிப் பிடியுங்கள். கண் சரியாகத் திறந்துகொண்டால், இறங்கியிருப்பது புருவம்; நெற்றித் தசை தளர்ந்ததால் வந்தது. புருவத்தைத் தூக்கியும் மடலின் விளிம்பு அங்கேயே கிடந்தால், மடலைத் தூக்கும் தசைக்கே மருந்து கசிந்திருக்கிறது. இரண்டும் கண்ணாடியில் ஒன்றுபோலத் தோன்றும். வைத்தியம் வேறு வேறு. பின்பு கைபேசி டோர்ச் வெளிச்சத்தை நேரே பார்த்தபடி ஒரு படம் எடுங்கள். கண்மணியின் நடுவில் தெரியும் ஒளிப் புள்ளிக்கும் மேல்மடல் விளிம்புக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதுங்கள். சாதாரணமாக அது 4 முதல் 5 மில்லிமீற்றர் இருக்கும்.

கொட்டாஞ்சேனை அன்ரி
மே 10, காலை 6.15

கடவுள் தந்த முகத்தில் ஊசி குத்தியதற்கு இது வேண்டும் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் பிள்ளை அழுதது என்று வாசித்ததும் மனம் கேட்கவில்லை. நொச்சி இலை போட்டு ஆவி பிடியுங்கள், இரவில் நல்லெண்ணெய் தடவுங்கள், தேங்காய்ப்பாலில் மஞ்சள் குழைத்து நெற்றிக்குப் பற்றுப் போடுங்கள். என் மாமியாருக்கு முகவாதம் வந்தபோது இதைத்தான் செய்தோம், சுகமாகியது.

தெஹிவளைவாசி
மே 10, காலை 7.50

அன்ரி, மாமியாருக்குச் சுகமானது எண்ணெயாலா அல்லது காலத்தாலா என்பது யாருக்கும் தெரியாது. ஆவி பிடிப்பதால் நரம்பு முனை திறந்துகொள்ளாது. கண்ணருகே மஞ்சள் பற்றுப் போட்டால் கண்ணும் எரியும்.

ஆண்கள் இங்கே எழுதுவது குறைவு என்பதால் என் கதையையும் சொல்லிவைக்கிறேன். எனக்கு நித்திரையில் பல்லை நெரிக்கும் பழக்கம். தாடைத் தசையில் இதே மருந்தைப் போட்டால் குறையும் என்றார்கள், குறையவும் செய்தது. ஆனால் பத்தாம் நாளளவில் நான் சிரித்தபோது வலது வாய்க்கோடி மேலே போகாமல் கிடையாக நின்றது. வாயைப் பக்கவாட்டில் இழுக்கும் மெல்லிய தசையொன்று தாடைத் தசையின் முன்னோரத்திலேயே படிந்து கிடக்கிறது; ஊசி கொஞ்சம் முன்னால் போனால் அது அகப்பட்டுவிடும் என்று பிறகுதான் அறிந்தேன். கொத்து ரொட்டியை மென்று முடிப்பதற்குள் தாடை களைத்துவிடும். அலுவலகப் படங்களில் உதட்டை மூடிக்கொண்டே நின்றேன். ஒன்பது கிழமையில் சிரிப்புத் திரும்பியது. இடையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஒவ்வொரு ஞாயிறும் ஒரே யன்னலருகில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்ததுதான். தினமும் கண்ணாடி பார்ப்பவனுக்கு மாற்றமே இல்லை என்று தோன்றும். மூன்று ஞாயிறு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தேறி வருவது தெரிந்தது.

காலிவீதிக்காரி
மே 10, இரவு 8.30

டொக்டர் ஐயா, சொன்னபடி பார்த்தேன். கண்மணிகள் ஒரே அளவு. இரட்டைப் பார்வை, தலையிடி எதுவும் இல்லை. சோறும் தண்ணீரும் தடையின்றி இறங்குகின்றன. புருவத்தைத் தூக்கிப் பிடித்தும் மடல் எழும்பவில்லை. என் கணவர் அடிமட்டத்தைக் கன்னத்தில் ஒட்டி வைத்துப் படம் எடுத்தார். வலது 4 மில்லிமீற்றர், இடது 2.

அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். 2011இல் எடுத்த என் கடவுச்சீட்டுப் படத்தில் இடது கண் ஏற்கெனவே ஒரு மயிரளவு சிறிதாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் எனக்கே தெரியாது.

ஓய்வுபெற்ற கண் வைத்தியர்
மே 10, இரவு 10.10

உங்கள் கணவர் நல்ல வைத்தியராக வந்திருக்க வேண்டியவர். அந்தக் கடவுச்சீட்டுப் படம் பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. சிலருக்கு ஒரு மடல் இயல்பிலேயே சற்றுப் பலவீனமாக இருக்கும். அவர்கள் தம்மை அறியாமலே நெற்றித் தசையால் புருவத்தை உயர்த்தி அந்தக் குறையை ஈடுசெய்துகொள்வார்கள். நெற்றியில் குறுக்குக் கோடுகள் விழுவதற்கும் அதுவே ஒரு காரணம். அந்தக் கோடுகளைப் போக்க நெற்றிக்கும் ஊசி போட்டால், தாங்கிப் பிடித்திருந்த முட்டுக்கட்டை போய்விடும்; மறைந்திருந்த குறை வெளியே வரும். உங்களுக்கு நடுப்புருவ ஊசியின் கசிவும் நெற்றி ஊசியின் தளர்ச்சியும் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஊசி போடுமுன் புருவத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இந்த மருந்து அழகுக்கலைக்குப் போகுமுன் எங்கள் துறையில் இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அலன் ஸ்கொட் என்ற கண் வைத்தியர் மாறுகண்ணுக்காக இதை ஆராய்ந்தார். 1989இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் கண்ணிமை இழுப்புக்கும் அனுமதி கிடைத்தது. புருவக் கோட்டுக்கு அனுமதி 2002இல்தான் வந்தது. கண்ணிமை இழுப்புக்கு ஊசி போட்ட நோயாளர்களுக்கு மடல் இறங்குவதை நாங்கள் அந்தக் காலத்திலேயே கண்டிருக்கிறோம். அனேகருக்கு இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் சரியாகிவிடும். சிலருக்கு இன்னும் சற்று இழுபடும். கோடு மறைந்த பலன் மூன்று, நான்கு மாதம் நிற்கும். தொங்கல் அதற்கு முன்பே போய்விடுவது, கசிந்த மருந்தின் அளவு சிறிது என்பதால்.

இடைக்காலத்துக்கு ஒரு கைத்தடி உண்டு. மடலுக்குள் முல்லர் தசை என்று ஒரு சிறிய தசை இருக்கிறது. அது வேறு நரம்பு வழியில் இயங்குவதால் இந்த மருந்துக்கு அகப்படுவதில்லை. அப்ராகுளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு மருந்து அதைச் சுருங்கச் செய்து, மடலை 1 முதல் 2 மில்லிமீற்றர் தூக்கும். பலன் சில மணி நேரம்தான். பிரிமோனிடின் என்ற கண் அழுத்தச் சொட்டையும் சிலர் எழுதிக் கொடுப்பார்கள். பலன் சற்று மென்மையாக இருக்கும். ஒக்சிமெட்டசோலின் 0.1 சதவீதக் கண்சொட்டுக்கு 2020இல் அமெரிக்காவில் தொங்குமடலுக்கென்றே அனுமதி கிடைத்தது. மூக்கடைப்புக்கு விற்கும் அதே பெயர் மருந்தைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள்! கண் அழுத்த நோயோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு இவற்றில் சில ஒத்துவராது. ஆகவே பாமசியில் தானாக வாங்காமல் ஒரு கண் வைத்தியரிடம் நேரே காட்டுங்கள்.

மற்றப் பக்கத்துக்கும் போட்டுச் சமன்செய்வது என்ற யோசனையை மறந்துவிடுங்கள். புருவத்தின் வெளிக்கோடி மட்டும் வளைந்து எழும்பியிருந்தால், அந்த இடத்தில் ஒரு துளி போட்டு அதை அடக்குவது வழக்கம். அது நியாயமான திருத்தம். தொங்கும் மடலுக்கு இன்னும் மருந்து போடுவது அப்படியல்ல.

பம்பலப்பிட்டி வாசகி
மே 11, பிற்பகல் 1.15

இங்கே வருபவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. பொட்டொக்ஸுக்குச் சொன்ன பொறுமை பில்லருக்குப் பொருந்தாது. எனக்குக் கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தை நிரப்ப ஹையலூரோனிக் அமில பில்லர் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அந்த இடம் அடிபட்டதுபோல நீலம் பாரித்தது. மெல்லிய தோலுக்குக் கீழே மேலோட்டமாகப் போட்டுவிட்டால் ஒளி சிதறி நீலமாகத் தெரியுமாம். ஹையலூரோனிடேஸ் என்ற நொதியத்தை ஏற்றியபோது இரண்டு நாளில் கரைந்துவிட்டது. ஒரு கிழமை வரைக்கும் கண்ணுக்குக் கீழே வெறுமையாக இருந்தது, பிறகு பழைய முகம் வந்தது. தேனீ கொட்டினால் கடும் ஒவ்வாமை வருபவர்கள் அந்த நொதியத்தைப் போடுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா பில்லரும் அதனால் கரையாது என்பதும் நினைவிருக்கட்டும். கல்சியம் அடங்கிய வகை கரையாது.

நான் எழுத வந்தது அதற்காக அல்ல. என் தோழிக்கு மூக்குத் தண்டில் பில்லர் போட்ட அன்று மாலை, மூக்கு நுனி சுண்ணாம்புபோல வெளுத்து, பிறகு வலைபோல ஊதா நிறக் கோடுகள் பரவின. வலியும் தாங்க முடியவில்லை. போட்ட இடத்தில் கேட்டபோது கண்டல்தான், ஐஸ் வையுங்கள் என்றார்கள். அவளுடைய அண்ணி தாதி என்பதால், இது இரத்தக்குழாய் அடைப்பு என்று சந்தேகித்து அன்றிரவே கூட்டிக்கொண்டு போனார். நொதியத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். நுனியில் ஒரு மிளகளவு வடு மட்டும் மிஞ்சியது. வெளுப்பு, வலைபோன்ற நிறமாற்றம், அளவுக்கு மிஞ்சிய வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மணிக்கணக்குத்தான், நாட்கணக்கு இல்லை. பார்வை மங்கினால் நிமிடக்கணக்கு.

ஒரு மருந்தாளர்
மே 12, இரவு 9.00

சகோதரி, கிளினிக்கிடம் எழுத்தில் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: மருந்தின் வர்த்தகப் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எந்த இடத்தில் எத்தனை அலகு என்பது. அலகு என்ற சொல்லை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நடுப்புருவத்துக்குப் பொட்டொக்ஸில் 20 அலகு என்றால், அதே வகையைச் சேர்ந்த டிஸ்போர்ட் என்ற இன்னொரு வர்த்தகப் பெயர் மருந்தில் 50 அலகு. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடுவது பெரிய தவறு. மருந்து தூளாக வரும், குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், உப்பு நீரில் கரைத்துப் போட வேண்டும். அதிகம் நீர் சேர்த்தால் ஒரே அலகுக்குக் கூடிய கனவளவு போகும், பரவலும் கூடும். உங்கள் கண்முன்னே புட்டியைக் காட்டித் திறந்தார்களா என்பதையும் நினைவுபடுத்தி எழுதிவையுங்கள்.

ஊசி போட்டவர் பதிவுபெற்ற வைத்தியரா என்பதை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். மருந்தைப் பற்றிய முறைப்பாட்டுக்கு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. தனியார் வைத்திய நிலையங்களின் பதிவு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் அரச கரும மொழிதான்.

காலிவீதிக்காரி
மே 14, இரவு 7.45

இன்று கண் வைத்தியரைப் பார்த்தேன். டொக்டர் ஐயா சொன்னதையே அவரும் சொன்னார். கண் அழுத்தத்தை அளந்துவிட்டுப் பிரிமோனிடின் சொட்டு எழுதித் தந்தார். முதல் துளி விட்டு முக்கால் மணி நேரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அளந்தால் 3 மில்லிமீற்றர். வாய் காய்கிறது, பின்னேரம் கொஞ்சம் நித்திரை தூங்குகிறது, மற்றபடி பாதகமில்லை.

கிளினிக்குக்கு நான்கு கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று நாள் மௌனமாக இருந்தவர்கள், தொகுதி இலக்கம் என்ற சொல்லைக் கண்டதும் அதே மாலையில் அழைத்து, இலவசமாக முகப் பராமரிப்புச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு இலக்கம்தான் வேண்டும் என்றேன்.

காலிவீதிக்காரி
மே 22, இரவு 10.20

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. பொன்னுருக்கு அன்று சொட்டு விட மறந்துபோனேன். அந்தப் படங்களில் நான் அரைத் தூக்கத்தில் நிற்பவள்போல இருக்கிறேன். 20ஆம் திகதி முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக விட்டுக்கொண்டேன். ஒப்பனை செய்த பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், இடது மேல்மடலில் மையை நூலளவுக்கு மெல்லியதாகவும், வலதில் சற்றுத் தடிப்பாகவும் தீட்டினார். இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒத்துப்போயின. தாலி கட்டும்போது விளக்கின் புகை கண்ணில் பட்டுக் கண்ணீர் வந்தது. எல்லோரும் தம்பியை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டார்கள்.

அம்மாவிடம் முதல் நாள் இரவே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நந்தியாவட்டைப் பூவை எறிந்துவிடட்டா?" என்று மட்டும் கேட்டார்.

கொட்டாஞ்சேனை அன்ரி
மே 23, காலை 6.05

எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள், பூசைக்கு வைக்கலாம். தம்பிக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம்.

புதியவள்
ஜூன் 16, மாலை 5.30

இந்த இழை முழுவதையும் வாசித்தேன். என் அக்காவுக்கு நெற்றியில் ஊசி போட்டு நான்காம் நாள். இரண்டு கண்ணும் பாரமாக இருக்கின்றன என்கிறார். அவருக்கும் இதே சொட்டு வேலை செய்யுமா?

காலிவீதிக்காரி
ஜூன் 16, இரவு 9.15

தங்கச்சி, அக்காவின் புருவங்களை விரலால் தூக்கிப் பார்த்தீர்களா? பாரம் நீங்கினால் அது புருவம் இறங்கியது. மடலைத் தூக்கும் சொட்டு அதற்குப் பெரிதாக உதவாது என்று என் வைத்தியர் சொன்னார். நெற்றித் தசை திரும்பும்வரை அதுவும் பொறுமைதான். இரண்டு கண்ணிலும் ஒரேயடியாக வந்திருப்பதால், விழுங்குவதில் சிரமமோ இரட்டைப் பார்வையோ இல்லையென்பதை இன்றே கேட்டு உறுதிப்படுத்துங்கள். தசைக் களைப்பு நோய் (மயஸ்தீனியா கிராவிஸ்) அவருக்கோ குடும்பத்திலோ இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து.

ஓய்வுபெற்ற கண் வைத்தியர்
ஜூன் 17, காலை 8.40

இதைவிட நான் சேர்க்க ஒன்றுமில்லை. காலிவீதிக்காரி, உங்கள் கடைசி அளவு என்ன?

காலிவீதிக்காரி
ஜூன் 21, மாலை 6.50

ஐயா, எட்டு நாளாகச் சொட்டு விடவில்லை. இன்று அதே யன்னலருகில் கணவர் அதே அடிமட்டத்தை வைத்து எடுத்தார். வலது 4, இடது மூன்றரை. கடவுச்சீட்டுப் படத்திலும் அந்த அரை மில்லிமீற்றர் குறைவு இருக்கிறது. கிளினிக்கிலிருந்து தொகுதி இலக்கம் நேற்று வந்தது, காலாவதித் திகதி இல்லாமல். முறைப்பாட்டைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நாளை பதிவுத் தபாலில் போடுகிறேன்.